மேடைக்கு முந்திய நாட்கள்: பாடசாலை நாடகமும் பிள்ளையின் ஆளுமை வளர்ச்சியும்

பாடசாலை நாடகம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மேடை, திரை, ஒலிவாங்கி, பரிசு ஆகியவையே. பரிசளிப்பு விழா, வாணி விழா, ஒளிவிழா, தமிழ்த்தினப் போட்டி என்று ஆண்டில் மூன்று நான்கு தடவைகள் நமது பாடசாலைகளில் நாடகம் மேடையேறுகிறது. இருபது நிமிடத்தில் முடிந்தும் விடுகிறது. கைதட்டுகிறோம். பிள்ளைகளுக்குத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அந்த இருபது நிமிடத்துக்கு முன் கழிந்த ஐந்தாறு வாரங்களில் பிள்ளைக்குள் என்ன நடந்தது என்று கேட்பவர்கள் குறைவு. இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்புவது அந்த ஐந்தாறு வாரங்களையே.

மௌனம் பழகிய பிள்ளை

பதுளையிலிருந்து பசறை ஊடாகப் பிபிலை நோக்கிச் செல்லும் பாதையில் லுணுகலை அமைந்துள்ளது. ஒரு புறம் தேயிலை மலைகள். மறு புறம் இறங்கிச் சென்றால் சிங்களக் கிராமங்களும் வயல்களும். அடாவத்தை, ஹொப்டன், மடுல்சீமை எனத் தோட்டங்களின் பெயர்களைச் சொன்னாலே இப்பகுதி வாசகர்களுக்கு அந்த வளைவுகளும் மூடுபனியும் நினைவுக்கு வரும். இத்தோட்டப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரியர்கள் நம்மிடம் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு ஒன்றுண்டு: "பாதர், எங்கட பிள்ளைங்களுக்கு விடை தெரியும். ஆனா எழும்பி நின்னு சொல்ல மாட்டாங்க."

இதைக் கூச்சம் என்று சொல்லி விட்டுவிடுவது எளிது. ஆனால் லயத்துக் காம்பராவில் வளரும் பிள்ளை முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் என்ன? "மெதுவாப் பேசு, பக்கத்துக் காம்பராவுக்குக் கேக்கும்" என்பதுதான். சுவர் ஒன்று, குடும்பங்கள் இரண்டு. காலையில் பிரட்டுக் களத்தில் தாய் தலைகுனிந்து நிற்பதைப் பிள்ளை பார்க்கிறது. நகரத்து ஆஸ்பத்திரியிலும் கச்சேரியிலும் மொழி தெரியாமல் தகப்பன் கைகட்டி நிற்பதைப் பார்க்கிறது. பேசாதிருப்பதே பாதுகாப்பு என்ற முடிவுக்கு வர அதற்கு எந்த ஆசிரியரும் தேவையில்லை. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரெய்ரே இதனை 'மௌனக் கலாசாரம்' என்று அழைத்தார். ஒடுக்கப்பட்டவனுடைய மௌனம் அறியாமையால் வருவதல்ல, பேசினால் என்ன நடக்கும் என்ற அறிவால் வருவது என்பதே நாம் அதிலிருந்து விளங்கிக்கொண்டது. 1948இல் குடியுரிமை இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்தப் பிரச்சினையோடே வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு அந்த அறிவு போதிய அளவுக்கு இருந்தது.

ஆனால் இதே பிள்ளையை மாலையில் பீலிக்கரையில் பார்க்க வேண்டும். கங்காணியைப் போல நடந்து காட்டும். டீச்சரைப் போலக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும். நமது நடையையும் இருமலையும் ஒரு சிறுவன் தன் கூட்டாளிகளுக்குச் செய்து காட்டுவதை மறைந்து நின்று பார்த்திருக்கிறோம். குறை சொல்வதற்கு இடமில்லாமல் செய்தான்.

ஆக, குரல் இல்லாமல் இல்லை. தனது பெயரில் பேசப் பயப்படும் பிள்ளை இன்னொருவரின் பெயரில் தாராளமாகப் பேசுகிறது. பாடசாலை நாடகத்தின் கல்விப் பெறுமதி இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. பாத்திரம் என்பது பிள்ளைக்கு ஒரு மறைப்பு. அந்த மறைப்புக்குள் நின்று அது உரத்துப் பேசிப் பார்க்கிறது, கோபப்பட்டுப் பார்க்கிறது, கட்டளையிட்டுப் பார்க்கிறது. எதிரில் இருப்பவர் அதற்காக அடிப்பதில்லை. ஒரு தடவை கேட்ட தனது குரலைப் பிள்ளை மறப்பதுமில்லை.

பிறர் கண்ட வழி

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. இயேசு சபையினர் 16ஆம் நூற்றாண்டிலிருந்தே ஐரோப்பாவில் தமது கல்லூரிகளில் நாடகத்தைக் கல்வியின் ஒரு பகுதியாக வைத்திருந்தனர். நினைவாற்றல், உச்சரிப்பு, சபையில் நிற்கும் துணிவு ஆகியவற்றுக்காக மாணவர்களை இலத்தீன் மொழியில் நடிக்க வைத்தார்கள். பின்னாளில் பிரெஞ்சு நாடகத்தின் பெருந்தூண்களான கோர்னெய், மொலியேர் இருவரும் அவர்களிடம் படித்தவர்களே. ஆனால் அவர்களது 1599ஆம் ஆண்டுக் கல்வி ஒழுங்கு, நாடகங்கள் அரிதாகவே போடப்பட வேண்டும் என்றும் பெண் பாத்திரம் இருக்கலாகாது என்றும் விதித்தது. நாடகம் பிள்ளைக்கு என்ன செய்யும் என்று அறிந்தவர்கள் அதற்குப் பயந்தும் இருந்தார்கள் போலும். துருவிப் பார்த்தால் அந்தப் பயம் நமது அதிபர்களிடமும், ஏன், நம்மிடமும் உண்டு. அதைப் பின்னர் சொல்வோம்.

நமது நாட்டைப் பார்த்தால், 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கிராமத்துக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். கர்ணன் போர், இராவணேசன் ஆகியவை அவ்வாறு வந்தவை. இராவணேசனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்து, பாடசாலைக் காலத்திலேயே கூத்தாடியவர். பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 'தப்பி வந்த தாடி ஆடு' போன்ற சிறுவர் நாடகங்களையும் அவர் எழுதினார். யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்த குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடக்கினார். பாடசாலைப் பிள்ளைகளுக்கென்றே அவர் எழுதிய நாடகங்கள் பல. போர்க் காலத்தில், 1991இல் அவர் எழுதிய 'அன்னை இட்ட தீ' மக்களின் உள வடுக்களைப் பற்றிப் பேசியது. சொல்ல முடியாமல் இருந்ததைச் சொல்ல ஒரு வழி தேவைப்பட்ட காலம் அது.

வடக்குக்கும் கிழக்குக்கும் இருந்த இந்த ஆசிரியர் பரம்பரை மலையகத்துக்கு இருக்கவில்லை என்று சிலர் வருந்துவதுண்டு. அது பாதி உண்மையே.

தோட்டத்தில் ஏற்கெனவே உள்ள அரங்கு

மாசி மாதத்தில் தோட்டப் பாடசாலை ஒன்றுக்குள் காலையில் நுழைந்தால் பின்வாங்கில் இரண்டு மூன்று பையன்கள் தூங்குவதைக் காணலாம். அவர்களைத் தட்டி எழுப்பி முழங்காலில் நிறுத்தும் ஆசிரியருக்கு, அவர்களில் ஒருவன் முந்தைய இரவு ரதியாகச் சேலை கட்டி ஆடியவன் என்பது தெரியாமலிருக்கலாம். காமன் கூத்து மலையகத் தோட்டங்களில் இன்றும் ஆடப்படுவது. சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் எரிக்கப்படுவதும், ரதி அழுது மன்றாடுவதும், மன்மதன் மீண்டும் உயிர் பெறுவதுமே கதை. தூதன், வீரபத்திரன், எமன், குறவன் குறத்தி என வந்துகொண்டே இருப்பார்கள். மன்மதனாகவும் ரதியாகவும் ஆடுபவர்கள் விரதம் இருக்கிறார்கள். தோட்டம் முழுவதும் பார்வையாளர். தோட்டம் முழுவதும் ஏதோ ஒரு விதத்தில் பங்காளர். இத்துடன் பொன்னர் சங்கர் உண்டு. உயர்ந்த கம்பத்தில் பாடிக்கொண்டே ஏறும் அருச்சுனன் தபசு உண்டு.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் வாய் திறக்காத மனிதர் அன்றிரவு எமனாக வந்து உறுமுகிறார். அவரது மகனைத்தான் நாம் பேச்சு வராத பிள்ளை என்று பதிவேட்டில் எழுதுகிறோம். பாடசாலை நாடகம் என்றால் இராஜா இராணி உடையும், வானொலியில் கேட்ட மாதிரி உச்சரிப்பும் என்று ஆக்கிவிட்டதால், வீட்டில் இருக்கும் இந்த முதலைப் பாடசாலை கணக்கில் எடுப்பதில்லை. ஒரு தடவை நாம் தப்பை மேடைக்குக் கொண்டுவரக் கேட்டபோது ஆசிரியர் அறையில் நிலவிய அமைதியை மறக்கவில்லை. ஓர்கன் இருக்கிறதே பாதர் என்றார்கள். யார் வீட்டுப் பிள்ளை தப்பு அடிக்கும், அதைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் என்ன பேர் வைக்கும் என்பதே அந்த அமைதியின் பொருள். சாதி பற்றிப் பேசாமல் மலையகத்தில் நாடகம் பற்றி முழுமையாகப் பேச முடியாது. அன்று தப்பு வந்தது. அடித்த பையனின் தகப்பன் மண்டபத்துக்கு உள்ளே வராமல் வாசலில் நின்று பார்த்தார்.

ஒரு காட்சியும் அதன் வெட்டும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் லுணுகலைப் பகுதிப் பாடசாலை ஒன்றில் தமிழ்த்தினப் போட்டிக்காக நாடகம் பழக்க உதவினோம். தரம் 8, 9 பிள்ளைகள் பதினான்கு பேர். எழுதிய பிரதி எதுவும் கொண்டுபோகவில்லை. "உங்கள் அம்மாவின் ஒரு நாளைச் செய்து காட்டுங்கள்" என்று மட்டும் கேட்டோம். முதல் மூன்று நாட்கள் சிரிப்பும் தள்ளுமுள்ளும்தான். நான்காவது நாள் கொழுந்து நிறுக்கும் காட்சி வந்தது. கணக்கப்பிள்ளையாக நடிக்க ஆண்பிள்ளைகள் இருவர் போட்டியிட்டார்கள். இருவரும் கத்தினார்களே தவிர ஒன்றும் சரிவரவில்லை. அப்போது கதவோரம் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண்பிள்ளை, "அப்பிடி இல்லைங்க பாதர்" என்றாள். அவள் நடிக்க வந்தவள் அல்ல. தம்பியைக் கூட்டிப் போக வந்தவள். வகுப்பில் அவள் குரலைக் கேட்டதே இல்லை என்று அங்கிருந்த டீச்சர் சொன்னார்.

தம்பியை இறக்கிவிட்டு அவள் செய்து காட்டினாள். கத்தவில்லை. கூடையைப் பார்க்கவே இல்லை. தராசு முள் நிற்கும் முன்பே எண்ணைச் சொன்னாள். "சாக்குக்கு ரெண்டு, தண்ணிக்கு ஒண்டு" என்று கழித்தாள். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "அரைப்பேர்" என்றாள். நாளுக்குரிய கொழுந்து குறைந்தால் அரை நாள் சம்பளம் என்பதற்குத் தோட்டத்தில் வழங்கும் சொல் அது. மற்றப் பிள்ளைகள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு கிலோவும் வெட்டாத நல்ல கணக்கப்பிள்ளை ஒருவரையும் காட்டலாமே என்று நாம் கேட்டபோது, "வெட்டாம எழுதுனா அவரு கணக்கப்புள்ள இல்லையேங்க" என்றாள்.

அடுத்த மூன்று வாரங்களில் அவளிடம் ஏற்பட்ட மாற்றத்தை நாம் மட்டுமல்ல, கணித ஆசிரியரும் கவனித்தார். கேள்வி கேட்டால் எழும்பி நின்றாள். விடை பிழையாக இருந்தாலும் கடைசி வரை சொன்னாள். ஒத்திகைக்குப் பிந்தி வந்தவர்களைக் கணக்கப்பிள்ளையின் குரலிலேயே கண்டித்தாள். தம்பிக்காக ஒரு முறை வைத்தாள்: பிள்ளைகள் மாறி மாறி அவனைத் தூக்க வேண்டும். மேடையமைப்பிலும் அவள் சொன்னதே சரியாக இருந்தது. தராசு நடுவில் அல்ல, ஓரத்தில் இருக்க வேண்டும். தாய்மார்தான் நடுவில் காத்து நிற்க வேண்டும் என்றாள்.

போட்டிக்கு ஐந்து நாட்கள் இருந்தன. பிள்ளைகளை வலயப் போட்டிக்கு ஏற்றிச் செல்ல ஒரு தோட்டத்திலிருந்து லொறி தருவதாக ஏற்பாடு. ஒத்திகையைப் பற்றி யாரோ சொல்லிவிட்டார்கள். அந்தத் தோட்டத்து அலுவலர் ஒருவர் அதிபரைச் சந்தித்தார். அதிபர் நம்மைச் சந்தித்தார். லொறி வேண்டுமா, அந்தக் காட்சி வேண்டுமா என்று யாரும் நேரடியாகக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பதினான்கு பிள்ளைகள் போட்டிக்குப் போகாமல் ஏமாறக் கூடாது என்று நமக்கு நாமே காரணம் சொல்லிக்கொண்டோம். காட்சியை வெட்டினோம். அவளுக்கு வேறொரு பாத்திரம், பாட்டி வேடம், கொடுத்தோம்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. "சரிங்க பாதர்" என்றாள். பாட்டியாக மேடையில் நின்றாள். சொல்ல வேண்டிய இரண்டு வசனங்களையும் பிழையின்றிச் சொன்னாள். நாடகம் மூன்றாமிடம் பெற்றது. அதன் பின் இரண்டு வாரங்கள் பாடசாலைக்கு வரவில்லை.

நாடகத்தினால் ஆளுமை வளர்கிறது என்று எழுதும் பலர் ஒரு விடயத்தை விட்டுவிடுகிறார்கள். குரல் கொடுத்துப் பழக்கிவிட்டு அதைப் பறித்தால் பிள்ளை முன்பிருந்த இடத்துக்கு அல்ல, அதற்கும் கீழே போகிறது. பேசாதிருப்பதே பாதுகாப்பு என்று வீடு சொல்லிக்கொடுத்தது சரிதான் என்பதற்கு நாமே சாட்சியாகிவிடுகிறோம்.

பாத்திரம் யாருக்கு?

இனி ஆசிரியர்களுக்கு நடைமுறையில் பயன்படக்கூடிய சிலவற்றைப் பார்ப்போம்.

தமிழ்த்தினப் போட்டி பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம் என்று தேசிய மட்டம் வரை செல்கிறது. அதனால் நன்மை உண்டு. தோட்டத்துப் பிள்ளை கொழும்பைப் பார்ப்பது சில வேளை அதனால்தான். ஆனால் வெல்ல வேண்டும் என்ற நினைப்பு வந்தவுடனேயே ஆசிரியர் நன்றாகப் பேசுகிற பிள்ளையைத் தேடுகிறார். நன்றாகப் பேசுகிற பிள்ளை பெரும்பாலும் கடைக்காரர், எழுதுவினைஞர், ஆசிரியர் வீட்டுப் பிள்ளையாக இருக்கும். லயத்துப் பிள்ளைக்கு மரம், வாயிற்காவலன், திரை இழுப்பவன். வளர்ச்சி யாருக்குத் தேவையோ அவரைத் திரைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, ஏற்கெனவே வளர்ந்த பிள்ளைக்குக் கிண்ணத்தைக் கொடுக்கிறோம்.

எனவே பாத்திரங்களை முதல் நாளில் பிரித்துக் கொடுக்காதீர்கள். குறைந்தது இரண்டு வாரங்களுக்கு எல்லாரும் எல்லாப் பாத்திரங்களையும் செய்து பார்க்கட்டும். பெண்பிள்ளை துரையாகவும் ஆண்பிள்ளை கொழுந்து பறிக்கும் தாயாகவும் வரட்டும். ஆண்பிள்ளைகள் முதலில் இதைப் பகிடியாக்குவார்கள். விடுங்கள். நான்காவது தடவை ஒரு பையன் வேலையால் வந்த தாயாக அடுப்பை ஊதிக்கொண்டிருக்கும்போது, தகப்பனாக நடிக்கும் பிள்ளை வந்து சோறு கேட்டால், அந்தப் பகிடி எங்கே போகிறது என்று பாருங்கள்.

நீண்ட பிரதியை மனப்பாடம் செய்விப்பதை நாம் விரும்புவதில்லை. இலக்கணத் தமிழில் எழுதிய வசனத்தைத் தோட்டத்துப் பிள்ளை சொல்லும்போது அதன் கவனமெல்லாம் நாக்கிலேயே இருக்கிறது. பிள்ளைகளின் பேச்சில் காட்சியை வளர்த்து, பிறகு எழுதிக்கொள்ளுங்கள். நடுவர்கள் புள்ளி குறைப்பார்கள் என்ற அச்சம் நியாயமானதே, நமக்கும் குறைத்திருக்கிறார்கள்.

குடிகாரத் தகப்பன் வேடம் பற்றியும் சொல்ல வேண்டும். மலையகம் பற்றிய பாடசாலை நாடகம் என்றால் தள்ளாடிக்கொண்டு ஒருவர் வராமல் இருப்பதில்லை. சபையும் விழுந்து சிரிக்கும். சாராயம் தோட்டங்களில் பெரும் பிரச்சினை என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த மண்டபத்தில், அன்றிரவும் அப்படி ஒருவரைச் சந்திக்கப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் சேர்ந்து சிரிக்க வேண்டியிருக்கிறது. அந்த வேடம் வேண்டுமென்றால், அவர் ஏன் குடிக்கிறார் என்பதையும் பிள்ளைகளே தேடிக் காட்டட்டும்.

நேரம் இல்லை என்பார்கள். நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்று போதும். முதல் பத்து நிமிடம் விளையாட்டு: கண்ணைக் கட்டிய கூட்டாளியைக் குரலால் மட்டும் வழிநடத்துவது, ஒருவர் செய்வதைக் கண்ணாடி போல் மற்றவர் செய்வது. அடுத்த இருபது நிமிடம் மூவர் நால்வராகப் பிரிந்து ஒரு சிறு காட்சி: தபால் வாங்கப் போனது, பஸ்ஸில் மீதிக் காசு கேட்டது, ஆஸ்பத்திரியில் நம்பர் துண்டு எடுத்தது. கடைசிப் பத்து நிமிடம் அதைப் பற்றிப் பேச்சு. இந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைத்தான் ஆசிரியர்கள் வெட்டிவிடுகிறார்கள். "நீ அப்படி நின்றபோது உனக்கு எப்படி இருந்தது?" என்ற கேள்விக்குப் பிள்ளை சொல்லும் பதிலில்தான் நடிப்பு படிப்பாக மாறுகிறது. மண்டபமும் ஒலிவாங்கியும் இதற்குத் தேவையில்லை.

வகுப்பறையில் ஓர் அளிக்கை

அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நாம் சென்றோம். மன்னிப்புக் கேட்பது குருக்களுக்கு எளிதாக வருவதில்லை. பிறருக்கு அதைப் பற்றிப் போதிப்பதே பழக்கம். தாய் தேநீர் கொடுத்தார். பிள்ளை உள்ளே நின்றாள். காட்சியை வெட்டியது பிழை என்றும், அதை மீண்டும் செய்ய விரும்புகிறோம் என்றும் சொன்னோம். "போட்டி முடிஞ்சிருச்சுங்களே" என்றாள்.

பிரேசில் நாட்டவரான அவுகுஸ்தோ போவால் என்ற நாடகக்காரர் ஒரு முறையை வளர்த்தார். 1974இல் வெளிவந்த 'ஒடுக்கப்பட்டோரின் அரங்கு' என்ற நூல் அவருடையது. அநீதி ஒன்று நடக்கும் காட்சியை ஒரு தடவை முழுமையாக நடிப்பார்கள். பின்னர் அதையே மீண்டும் தொடங்குவார்கள். இம்முறை பார்வையாளரில் எவரும் "நிறுத்து" என்று சொல்லி மேடைக்கு வந்து, ஒடுக்கப்படுபவரின் இடத்தில் நின்று, தான் என்ன செய்வார் என்று செய்து காட்டலாம். தீர்வு சொல்வது நெறியாளரின் வேலை அல்ல.

அடுத்த மாதம், பெற்றோர் கூட்டம் முடிந்த பின், தரம் 9 வகுப்பறையில் மேசைகளை ஒதுக்கிவிட்டுக் காட்சியைச் செய்தோம். பார்த்தவர்கள் முப்பது பேர் இருக்கும், பெரும்பாலும் தாய்மார். அவள் கணக்கப்பிள்ளையாக நின்றாள். "சாக்குக்கு ரெண்டு, தண்ணிக்கு ஒண்டு" என்றபோது முதலில் எவரும் அசையவில்லை. பின்னர் ஒரு கிழவி சத்தமாகச் சிரித்தார், எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாம் தடவை தொடங்கியபோது நீண்ட நேரம் எவரும் "நிறுத்து" என்று சொல்லவில்லை. நாம் குறுக்கிட நினைத்த கணத்தில் அந்தப் பிள்ளையின் தாயே எழுந்து வந்தார். கூடையைத் தலையிலிருந்து இறக்குவது போல் இறக்கி, மகளுக்கு முன் வைத்து, "ஐயா, தராச ஒருக்கா இந்தப் பக்கம் திருப்புங்க, நானும் பாக்கிறேன்" என்றார்.

மகள் சிறிது நேரம் தாயைப் பார்த்தாள். பிறகு, கணக்கப்பிள்ளையாகவே, "ஒனக்குப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியாது. எம் மகளுக்குத் தெரியும்" என்றார் தாய்.

மறுநாள் கொழுந்து மடுவத்தில் எதுவும் மாறிவிடவில்லை. தராசு இருந்த பக்கமே இருந்தது. பிள்ளை தொடர்ந்து பாடசாலைக்கு வந்தாள். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் தவறி, மறுமுறை எழுதிச் சித்தியடைந்தாள்.

ஆசிரியர் வட்டங்களிலும் பங்கு இளைஞர் குழுக்களிலும் இதை வாசிப்போர் சிலவற்றைச் சேர்ந்து பேசிப் பார்க்கலாம். சென்ற ஆண்டு உங்கள் பாடசாலை நாடகத்தில் முக்கிய பாத்திரம் யாருக்குக் கிடைத்தது, திரையை இழுத்தது யார்? உங்கள் தோட்டத்தில் காமன் கூத்து ஆடுபவர்களில் எத்தனை பேரின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள்? நீங்கள் கடைசியாக வெட்டிய காட்சி எது, யார் கேட்டு வெட்டினீர்கள்?